சாலினி என்கிற யாழினி

சற்குணத்தை நல்லவன் என்று யோசிக்காமல் சொல்லிவிடலாம். கெட்டிக்காரன் என்று சொல்வதற்கு முன்னால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கரிசல்பேட்டை ஆள்பதிவு அலுவலகத்தில் அவன் ஸ்கேனர் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது, அந்த ஊர் ஜனங்கள் கன்னத்திலும் கழுத்திலும் கையிலும் அவரவர் மச்சங்களோடு நிம்மதியாக இருந்தார்கள். அவன் கெட்டிக்காரத்தனம் செய்ய ஆரம்பித்த பிறகு, சர்க்கார் கணக்கில் அந்த ஊரில் ஒருவருக்கும் மச்சம் கிடையாது.

மச்சத்துக்கு என்ன அப்படியொரு மதிப்பு என்று கேட்கலாம். முகம், குரல், கைரேகை மூன்றையும் யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் செய்துகொள்ளலாம் என்று ஆகிவிட்ட காலம் அது. செத்துப்போன மாமனார் வீடியோவில் வந்து, சொத்தை மூத்த மருமகன் பேருக்கு எழுதச் சொன்னார். பேங்க் மேனேஜர் ஒருவர் காலையில் ஆபீசுக்குப் போனபோது அங்கே இன்னொரு அவர் உட்கார்ந்திருந்தார். அரசாங்கம் தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்து, கடைசியில் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிவிட்டது. பத்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி, தலைமை ஆசிரியர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அங்க அடையாளம் தேடுவாரே, அந்தப் பழைய வழக்கம்தான் இனி எல்லாவற்றுக்கும் ஆதாரம். பழைய ஃபிலிம் கேமராவில் முகத்தையும் இரண்டு கைகளையும் படம் பிடித்துத் தாளில் ஒட்ட வேண்டும். தலைமை ஆசிரியர் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு அடையாளத் தாள் என்று பெயர்.

அந்தத் தாளைத்தான் சற்குணம் ஸ்கேன் செய்தான். ஸ்கேன் ஆனதும் தாள் அங்கேயே கூழாக அரைக்கப்பட்டுவிடும். மூலம் என்று ஒன்று இருந்தால் எவனாவது திருத்துவான் என்று பயம். பிறகு ரேஷன் கடை, பேங்க், பஸ், கல்யாணப் பதிவு என்று எங்கே போனாலும் ஒரு கேமரா வாசல் நிற்கும். ஆளையும் படத்தையும் அது ஒப்பிட்டுப் பார்த்து, பேர் சொல்லி வணக்கம் வைத்து உள்ளே விடும்.

"என்ன சற்குணம், இந்த வாரமும் அறுபத்தொண்ணுதானா?" என்றாள் ஜெபராணி. அலுவலகத்தின் தலைவி அவள். ஒவ்வொரு படத்துக்கும் மேலிடத்து இயந்திரம் 'தெளிவு' என்று ஒரு மதிப்பெண் போடும். அந்த மதிப்பெண்ணை அவள் சொந்தப் பிள்ளையின் பரீட்சை மார்க் மாதிரி பார்த்துக் கவலைப்படுவாள்.

"நம்ம ஊர்ப் பேப்பர் அப்படி மேடம். சேவு தின்ன கையோட எடுத்துட்டு வர்றாங்க. எண்ணெய்ப் புள்ளி இல்லாத தாளே கிடையாது."

"அத அப்படியே சென்னைக்கு எழுதட்டுமா? எங்க ஊர் சேவு ருசியா இருக்கும், அதனால மார்க் கம்மின்னு?"

"இல்ல மேடம். லீவு விஷயமா..."

"எண்பதுக்குக் கீழ இருந்தா லீவு இல்லன்னு நானா சட்டம் போட்டேன்? மார்க்க ஏத்துங்க. கல்யாணத்துக்கு நானே முன்வரிசையில வந்து உக்கார்றேன்."

ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். பெண் யாழினி, மின்கம்பம் ஏறுகிற வயர்மேன். வேலை வெளியே இருக்கும்போது ஊரின் உயரமான இடங்களில் மட்டும்தான் அவளைப் பார்க்க முடியும் என்பதால், சற்குணம் அண்ணாந்து பார்த்தே காதலித்தவன். மூக்குக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு மச்சம் உண்டு. அதைப் பற்றி அவன் அவளிடம் பேசியதை எல்லாம் இங்கே எழுதினால் அவனுக்கு மானம் போகும்.

லீவு வேண்டும் என்கிற ஒரே ஆசையில் சற்குணம் ஸ்கேனரோடு மல்லுக்கட்டினான். முதலில் கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்தான். மார்க் கொஞ்சம் ஏறியது. வெளிச்சத்தைக் கூட்டினான்; பச்சைக் கையெழுத்து வெளுத்துப்போய்த் திரும்பி வந்தது. கான்ட்ராஸ்டைக் கூட்டினான்; ஊரே கறுத்துவிட்டது. பின்புலம் வெளுக்கிற வசதியைப் போட்டதும் தாளின் மஞ்சள் போனது. ஆனால் எண்ணெய்ப் புள்ளி மட்டும் போகவில்லை. கடைசியில் மெனுவின் அடியில் ஒளிந்திருந்த 'புள்ளி நீக்கம்' என்கிற அமைப்பைக் கண்டுபிடித்தான். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை இருந்தது. இரண்டில் வைத்தபோது எழுபத்து நான்கு வந்தது. ஐந்தில் வைத்தபோது தொண்ணூற்று ஒன்பது.

ஜெபராணி அலுவலகம் முழுக்க மைசூர்பாக் கொடுத்தாள். சற்குணத்தின் லீவுக் கடுதாசியில் அன்றைக்கே கையெழுத்து விழுந்தது. யாழினியின் தாள் வந்தபோது அவன் கண்ணாடியைத் தனியாக ஒருமுறை துடைத்து, தாளை மூலை பிசகாமல் வைத்து, ஐந்தில்தான் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினான். அவள் படத்துக்கு முழுசாக நூறு கிடைத்தது. பூரித்துப் போனான். மார்க்கைப் பார்த்தானே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்பதிவு செய்ய இருவரும் பதிவு மையத்துக்குப் போனார்கள். சற்குணம் வாசலைத் தாண்டிவிட்டான். யாழினி போய் நின்றதும் வாசல் மரியாதையான குரலில் பேசியது.

"தங்கள் முகத்தில் அழுக்கு உள்ளது. துடைத்துவிட்டு மீண்டும் வரவும்."

அவள் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடி நின்றாள். வாசல் மறுபடியும் அதையே சொன்னது. மூக்குப் பக்கம் சிவக்கிற அளவுக்குத் துடைத்தாள். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "நேத்து ரேஷன் கடையில என்னையும் இப்படித்தான்மா சொல்லுச்சு. கழுத்து மச்சத்துல பவுடர் போட்டுட்டுப் போனேன், விட்டுருச்சு" என்றார். யாழினி எரிச்சலோடு பவுடரை எடுத்து அப்பிக்கொண்டு போய் நின்றாள்.

"நன்றி. வணக்கம், திருமதி சாலினி என்கிற யாழினி. தங்களுக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியுள்ளது. தங்களின் இரண்டாம் திருமண முயற்சி குறித்துத் தங்கள் கணவருக்குத் தகவல் அனுப்பப்பட்டது. இந்நாள் இனிய நாளாகட்டும்."

சாலினி அவளுடைய அக்கா. சில நிமிஷம் மூத்தவள், இரட்டையர். ஒரே முகம், ஒரே உயரம். பெற்றவர்களுக்கே மச்சத்தைப் பார்த்துத்தான் அடையாளம் தெரியும். சாலினிக்கு மூன்று வருஷம் முன்னால் கல்யாணம் ஆகிவிட்டது. புருஷன் பாண்டீஸ்வரன், உள்ளூர் ஸ்டேஷனில் ஏட்டு.

தகவல் கிடைத்த ஏட்டு, ஸ்டேஷனிலிருந்தே வீட்டுக்குப் போன் போட்டார்.

"சாலினி! எங்க இருக்க?"

"அடுப்படியில."

"பொய் சொல்லாத. ரெண்டாங் கல்யாணம் பண்ணப் போயிருக்கியாமே?"

"குழம்புல புளி கரைச்சுக்கிட்டு இருக்கேங்க."

"யாரு அவன்?"

"யாரு எவன்?"

அவர் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்து வந்து அடுப்படியில் எட்டிப் பார்த்தார். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பெண்டாட்டி அப்படியே நின்றாள். அதன் பிறகும் பாத்திரம் வைக்கிற அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அவருக்கு மனசு ஆறியது.

யாழினி நேரே சற்குணத்தின் ஸ்கேனர் அறைக்கு வந்துவிட்டாள். கம்பம் ஏறுகிற பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எனக்கு விளங்குற மாதிரி சொல்லு. நான் எப்படி சாலினி ஆனேன்?"

சற்குணம் ஸ்கேனர் மூடியைச் சாத்தினான். "படம் எல்லாம் மேல போகுமா? ஒரே ஆளு ரெண்டு பேர்ல பதிஞ்சிருக்கானான்னு அங்க ஒரு இயந்திரம் தேடும். ஒரே முகம், ஒரே பிறந்த தேதி, ஒரே அப்பா அம்மா. அடையாளத்துலயும் வித்தியாசம் இல்லன்னா ஒரே ஆளுன்னு முடிவு பண்ணிரும். மூத்த பதிவோட இளையத ஒட்டிரும்."

"அடையாளத்துல வித்தியாசம் இல்லன்னா? எனக்கு மச்சம் இருக்கே."

"இருக்கு."

"படத்துல?"

சற்குணம் சீலிங் ஃபேனைப் பார்த்தான். அவள் அவனைத் தள்ளிவிட்டுத் திரையைப் பார்த்தாள். மின்சாரத்தோடு பழகியவளுக்கு ஸ்விட்சைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"புள்ளி நீக்கம், அஞ்சு" என்று வாய்விட்டுப் படித்தாள். "இது என்ன செய்யும்?"

"தாள்ல இருக்கற குப்பை, தூசி, எண்ணெய்ப் புள்ளி... சின்னச் சின்னதா கறுப்பா எது இருந்தாலும் எடுத்துரும். படம் நல்லா வரும்."

"சின்னதா, கறுப்பா."

"யாழி..."

"ரெண்டு வருஷமா அத வர்ணிச்சே என் போன் பேட்டரியக் காலி பண்ணியே. கடைசியில குப்பைன்னு தூக்கிப் போட்டுட்டியா?"

"நான் குப்பைன்னு நினைக்கல. மெஷின் நினைச்சிருச்சு."

"மெஷினுக்கு யாரு சொன்னது?"

அவளுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. அது அவன் எதிர்பார்க்காதது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் கண் கலங்கி, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு வெளியே போனாள். அன்றைக்குச் சாயங்காலம் வரை சற்குணம் ஸ்கேனர் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

அதற்குள் ஊரே துடைத்துக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில், பேங்கில், ஆஸ்பத்திரியில் எல்லாம், "தங்கள் முகத்தில் அழுக்கு உள்ளது" என்று வாசல்கள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தன. வலது கன்னத்து மச்சத்தால்தான் தனக்கு யோகம் என்று நாற்பது வருஷம் பீற்றிக்கொண்டிருந்த ஜவுளிக்கடைக்காரர், தன் கடை வாசலிலேயே நுழைய முடியாமல் வெயிலில் நின்றார். பவுடர் விற்பனை எகிறியது. வேர்வை வழிந்தால் பவுடர் கரைந்து, ஆள் பாதி வழியில் அழுக்காகிவிடுவதால், ஜனங்கள் நிழல் பார்த்து நடந்தார்கள்.

சற்குணம் ஜெபராணியிடம் போய் நடந்ததைச் சொன்னான். அவள் கதவைச் சாத்தச் சொன்னாள்.

"படத்தத் திருத்திரலாமா மேடம்?"

"மூலத்தாள் எங்க?"

"கூழாயிருச்சு."

"அப்புறம் எத வச்சுத் திருத்துவீங்க? படத்த மாத்த முடியாது சற்குணம். ஆள வேணா மாத்தலாம்."

சற்குணம் அவள் விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தான். அடுத்த வாரம் கல்யாண மண்டபத்தில் பந்தல் போட்டு மச்ச நிவாரண முகாம் ஆரம்பித்தார்கள். லேசரில் மச்சத்தை எடுத்துவிட்டு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும், "தப்பு உங்க படத்துல, நான் எதுக்கு என் மூஞ்சியத் திருத்தணும்?" என்று கேட்டார். அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பின்னால் நின்றவர்கள், "பெரியவரே, எடுக்கறதுன்னா எடுங்க, இல்லன்னா வழிய விடுங்க" என்றார்கள். அவரும் எடுத்துக்கொண்டார்.

யாழினிக்கு முகாமால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மச்சத்தை எடுத்தால் அவள் இன்னும் நன்றாக சாலினி ஆவாள், அவ்வளவுதான். இதற்கிடையில் வாசல்களுக்கு ஒரு புதுக் குழப்பம் வந்தது. ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாதல்லவா? யாழினி காலையில் வேலைக்குப் பதிவானால், சாலினி கடைக்குக்கூடப் போக முடியாது. சாலினி பஸ் ஏறினால், யாழினி கம்பத்தில் ஏற முடியாது. அக்காளும் தங்கையும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அதாவது யாழினி பேசினாள், சாலினி சரி என்றாள். சாலினி வீட்டிலேயே இருந்துவிடுவது என்று ஏற்பாடு. வாரக்கணக்கில் அவள் வெளியே வரவில்லை. வழக்கமாகவே அவள் அதிகம் வெளியே வராதவள் என்பதால் அக்கம்பக்கத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. பாண்டீஸ்வரனும் கவனிக்கவில்லை.

ஆவணி முகூர்த்தம் கைநழுவிப் போனது. சற்குணத்தின் லீவும் வீணானது. யாழினி அவனோடு பேசினாள், ஆனால் மண்டபத்து மேனேஜரோடு பேசுகிற மாதிரி பேசினாள். அவனால் அதைத் தாங்க முடியவில்லை. துறையின் விதிகளையெல்லாம் உட்கார்ந்து படித்தான். படித்து முடித்துவிட்டு, எல்லோரையும் ஜெபராணியின் அறைக்கு வரச் சொன்னான். யாழினி வேலையிலிருந்து வந்தாள். ஏட்டு யூனிஃபாரத்தில் வந்தார். சாலினி, தங்கை ஏற்கெனவே உள்ளே பதிவாகிவிட்டதால், வாசல் வழியாக வர முடியாமல் பின்பக்க ஜன்னல் வழியாக ஏறி வந்தாள். ஏட்டு அதைப் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்தார்.

"ஒட்டுன பதிவப் பிரிக்க வழி கிடையாது" என்று சற்குணம் ஆரம்பித்தான். "ஆனா புதுசா ஒரு ஆளச் சேர்க்க வழி இருக்கு. குழந்தையிலயே தொலைஞ்சு போனவங்க, காட்டுலயே வளர்ந்தவங்க இவங்களுக்காக ஒரு விதி. பதிவே இல்லாத நபர்னு பேரு. உடம்புல ஒரு அடையாளம் இருந்தாப் போதும், புதுத் தாள் எடுத்துப் பதிஞ்சிரலாம்."

"அப்ப என்னையப் பதி" என்றாள் யாழினி.

"முழுசாக் கேளு. புதுப் பதிவுல எதுவும் இருக்காது. படிப்பு, லைசென்ஸ், வேலை எதுவும் வராது. அப்பா அம்மா பேருக்கு நேரா கோடு போட்டுருவாங்க. அக்கா தங்கச்சின்னும் யாரும் கிடையாது. இன்னிக்குத்தான் பொறந்த மாதிரி."

"அப்ப கம்பம் ஏற முடியாது" என்றாள் யாழினி.

"முடியாது."

"அந்த லைசென்ஸ் வாங்கறதுக்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியும்ல? பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக் கம்பம்னு சொன்னவன் வீட்டுக்கெல்லாம் நான்தான இன்னிக்குக் கரண்ட் குடுக்கறேன்?" அவள் பெல்ட்டைத் தட்டிக் காட்டினாள். "உன்னையக் கல்யாணம் பண்ணணும்னா அத விடணும். அத வச்சுக்கணும்னா அத்தானுக்குப் பொண்டாட்டியா இருக்கணும். நல்லாப் புள்ளி எடுத்தடா நீ."

"பெரியவ எதுக்கு இருக்கா?" என்றார் பாண்டீஸ்வரன். சாலினியைப் பார்த்துச் சொல்லவில்லை. சற்குணத்தைப் பார்த்துத்தான் சொன்னார். "இவளப் புதுசாப் பதிய வேண்டியதுதான? வீட்டுல இருக்கறவளுக்கு லைசென்ஸா, வேலையா? அவளுக்கு இழக்கறதுக்கு என்ன இருக்கு?"

சாலினி அவரை நிதானமாகப் பார்த்தாள். அந்தப் பார்வை எவ்வளவு நேரம் நீண்டது என்பதை ஜெபராணி மட்டும்தான் கவனித்தாள்.

"அவரு சொல்றது சரிதான்" என்றாள் சாலினி. "நான் புதுசாப் பதிஞ்சுக்கிறேன்."

"வேணாம் சாலினி" என்றாள் யாழினி. "அப்பா பேருக்கு நேரா கோடு போட்டுருவாங்கடி."

"அப்பாவுக்கு நேரா யாரும் கோடு போட முடியாது. நீ விடு." பிறகு சற்குணத்திடம் திரும்பினாள். "ஆனா பழைய பதிவுல கல்யாணம் ஒண்ணு இருக்கே. அது இவ தலையிலதான இருக்கும்?"

"ஆமா. அதுக்கு யாழியும் அவ அத்தானும் வாசல்ல நின்னு, பிரிய சம்மதம்னு சொல்லணும். சொன்னா அன்னிக்கே முடிஞ்சிரும்."

ஏட்டு எழுந்துவிட்டார். "விவாகரத்தா? நான் கட்டாத பொண்ண நான் எதுக்கு விவாகரத்து பண்ணணும்? டிபார்ட்மெண்ட்ல சிரிப்பாங்கய்யா!"

"அப்பச் சரி அத்தான்" என்றாள் யாழினி. "நாளைக்கே பெட்டியோட உங்க வீட்டுக்கு வந்துர்றேன். எனக்குச் சமைக்கத் தெரியாது. காலையில ஆறு மணிக்கெல்லாம் டீ குடிச்சாகணும், நீங்களே போட்டுருங்க."

பாண்டீஸ்வரன் உட்கார்ந்தார். "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

புதுப் பதிவுக்கு சாலினியின் உடம்பில் ஓர் அடையாளம் வேண்டும். முதல் அடையாளத் தாள் எடுத்தபோது அவளுக்கு மச்சமும் கிடையாது, தழும்பும் கிடையாது. இப்போது வலது மணிக்கட்டில் ஒரு தழும்பு இருந்தது; இஸ்திரிப் பெட்டி பட்டது. மூன்று வருஷமாகத் தினம் காலையில் காக்கி யூனிஃபாரம் இஸ்திரி போட்டவளுக்கு ஒருநாள் கை தவறிவிட்டது. தலைமை ஆசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்து, பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். சற்குணம் புள்ளி நீக்கத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அவளுடைய தாளை ஸ்கேன் செய்தான். இந்த முறை மார்க்கைப் பார்க்கவில்லை. தழும்பு இருக்கிறதா என்று திரையில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தான்.

அதோடு அவன் நிறுத்தவில்லை. பழைய பதிவோடு, விட்டுப்போன அடையாளத்துக்காக இணைப்புத் தாள் ஒன்று சேர்த்துக்கொள்ளவும் விதியில் இடம் இருந்தது. சேர்க்கிற ஒவ்வொன்றுக்கும் தெளிவு மதிப்பெண் குறையும் என்பதால் யாரும் அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. சற்குணம் முதலில் யாழினியின் மச்சத்தைச் சேர்த்தான். பிறகு முகாமுக்குப் போகாமல் பவுடரோடு காலம் தள்ளிக்கொண்டிருந்தவர்களை எல்லாம் தெருத் தெருவாகத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். ஜெபராணி கத்திப் பார்த்தாள். அறுபத்தொன்றும் போய் நாற்பத்து மூன்றுக்கு வந்தபோது கத்துவதை விட்டுவிட்டு, தன் முழங்கையில் இருந்த மச்சத்துக்கும் ஒரு தாள் கொண்டுவந்து நீட்டினாள்.

"முகாம்ல எடுக்கலையா மேடம்?" என்றான் சற்குணம்.

"வாய மூடிட்டு ஸ்கேன் பண்ணுங்க" என்றாள்.

நாற்பத்து மூன்றுக்கு லீவு கிடையாது. அதனால் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தமாகப் பார்த்துக் கல்யாணம் நடந்தது. மணப்பெண் பவுடர் போட மறுத்துவிட்டாள். பதிவு வாசல், "வணக்கம், செல்வி சாலினி என்கிற யாழினி" என்றது. பேரைப் பிரிக்க இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் மாப்பிள்ளை ஸ்கேனருக்கும் பெண் கம்பத்துக்கும் போனார்கள்.

பாண்டீஸ்வரன் விஷயம்தான் பாக்கி. வாசலில் நின்று பிரிய சம்மதம் சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குத் திரும்பிய அன்றே, சாலினி ஒரு பையோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"அப்பா வீட்டுக்கு. சட்டப்படி நான் இங்க இருக்கக் கூடாதுங்க. நீங்களே ஏட்டு, உங்களுக்குத் தெரியாததா?"

அவர் சிரித்தார். ஒரு வாரம் போனதும் சிரிப்பு நின்றது. கசங்கிய சட்டையோடு ஸ்டேஷனுக்குப் போய் இன்ஸ்பெக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். போன் போட்டு எப்போது வருகிறாய் என்று கேட்டார். "முறைப்படி வந்து கேளுங்க" என்றாள் சாலினி. கோபம் வந்தது. கோபப்பட்டு என்ன செய்ய? சர்க்கார் கணக்கில் அவளுக்குப் புருஷன் கிடையாது. அதட்டுவதற்கு அவர் அவளுக்கு யாரோ ஒரு போலீஸ்காரர்.

தங்கையின் கல்யாணம் முடிந்த மறு ஞாயிறு, தாம்பாளத்தில் பூவும் பழமும் வைத்துக்கொண்டு, வெள்ளை வேட்டி சட்டையில், பாண்டீஸ்வரன் பெண் பார்க்க வந்தார். கூட ஒரு சித்தப்பாவும் வந்திருந்தார். மாமனார் எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் பாதி எழுந்த நிலையிலேயே நின்றார். சற்குணமும் யாழினியும் ஓரமாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பஜ்ஜித் தட்டை அப்பாதான் கொண்டுவந்து வைத்தார்.

சாலினி உள்ளேயிருந்து வந்தாள். தலை குனியவில்லை. தரையில் உட்காரவும் இல்லை. ஏட்டுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போன தடவை வந்தப்போ, பொண்ணப் பிடிச்சிருக்கான்னு எல்லாரும் உங்களக் கேட்டாங்க" என்றாள். "என்னைய ஒருத்தரும் கேக்கல."

"அதான் இப்ப நான் வந்து கேக்குறேன்ல."

"சரி, கேளுங்க."

எத்தனையோ பேரை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டவர் அவர். இந்த ஒரு கேள்வியைக் கேட்க வாய் வரவில்லை. கழுத்தைத் துடைத்தார். சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா உத்திரத்தைப் பார்த்தார்.

"சாலினி, என்னையக் கல்யாணம் பண்ணிக்கிறியா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "பண்ணிக்கிறீங்களா?"

சற்குணம் கையில் எடுத்த பஜ்ஜியைக் கடிக்க மறந்து உட்கார்ந்திருந்தான். யாழினி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்பா மகளைப் பார்த்தார்; சீக்கிரம் ஆமாம் என்று சொல்லிவிடு தாயே என்று அவர் கண் கெஞ்சியது.

சாலினிக்கு அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் வந்ததே இல்லை. அதை அவள் அவசரமாகத் தீர்த்துவிட விரும்பவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். "நீங்க பஜ்ஜி சாப்பிடுங்க, ஆறிரும்."